முழங்கையில் ஒரு தலைக்கவசம்

புத்தம் புதிய தலைக்கவசம் ஒன்றை நிலவறைச் சுவரில் வைத்து ஏழு நிமிடம் தேய்த்தவன் நான். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்பது. தலையில் நான்கு தையல். அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. சுவரில் சிமெண்டு பெயர்ந்து சொரசொரப்பாக இருந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, கவசத்தை அதில் அழுத்தி, அம்மியில் துவையல் அரைப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்தேன். நடுநடுவே நிறுத்தி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, இயல்பாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

இதை எழுதக் கூச்சமாக இருக்க வேண்டும். அன்றைக்கும் இருந்திருக்க வேண்டும். இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அந்த வாரம் முழுக்க மொத்த ஆளும் அப்படி இருந்தேன். காப்பி சூடாக இருக்கிறது என்று தெரிந்தது. அவ்வளவுதான். காப்பியாக இருந்ததா என்று சொல்ல முடியாது.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்துக்கு நாங்கள் வந்து பதினாறு வருடம் ஆகிறது. என் வேலை, ஓர் இயந்திரம் எப்படியெல்லாம் பழுதாகலாம் என்று அது செய்யப்படுவதற்கு முன்பே பட்டியல் போடுவது. எல்லாப் பட்டியலிலும் கடைசியில் ஒரு வரி வரும்: பயன்படுத்துபவர் அறிவுரையை மீறி நடந்துகொள்ளுதல். அப்படி மீறுகிற ஆள் எவ்வளவு பெரிய முட்டாளாக இருப்பான் என்று மீட்டிங்கில் நாங்கள் சிரிப்பதுண்டு. சிரித்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு, தலையில் ஒன்றும் இல்லாமல், வீட்டுக்கு வருவேன்.

என் மனைவிக்குப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை. ஆதாரம் இல்லாமல் எதையும் நம்ப மாட்டாள். ஆதாரம் இருந்தால் எதையும் நம்பிவிடுவாள். இந்த இரண்டாவது பாதியைக் கல்யாணமாகி இருபது வருடம் நான் கவனிக்கவில்லை.

எங்கள் மகள் எட்டாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு முழுவதையும் பனிக்காலத்தில் ஐந்து நாள் ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கு முகாமுக்குக் கூட்டிப்போவார்கள். போகாத பிள்ளைகளுக்கு விடுமுறை கிடையாது. அந்த ஐந்து நாளும் கீழ் வகுப்பில் போய் உட்கார வேண்டும். முந்தைய கோடையில் படகு ஓட்ட ஒரு பயணம் இருந்தது. தண்ணீர் என்பதால் என் மனைவி அனுப்பவில்லை. மகள் ஐந்து நாள் சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, போன வருடம் படித்த பின்னக் கணக்கை மறுபடியும் படித்தாள். அதைப் பற்றி அவள் அழவில்லை. பல வாரம் கழித்து ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: “கிளாஸ்ல யாராவது ‘துடுப்பு’ன்னு சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்கப்பா. ஏன்னு எனக்குத் தெரியாது.”

“கேக்க வேண்டியதுதானே?” என்றேன்.

“கேட்டேன். ‘நீ அங்க இருந்திருக்கணும்’னு சொல்றாங்க.”

எனவே பனிச்சறுக்கு முகாமின் சம்மதப் படிவம் வந்தபோது அதில் என்ன அடங்கியிருக்கிறது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அதை மகளே காந்தம் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். கடைசித் தேதியை, ஒரு புதன்கிழமை, பச்சை மையில் வட்டமிட்டாள். கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் முதலில் இருந்தது தலைக்கவசம். கட்டாயம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

என் மனைவி அந்தத் தடித்த எழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“தலைக்குக் கவசம் கட்டாயம்னு அவங்களே எழுதிட்டாங்க. அப்ப தலை உடையும்னு அவங்களுக்கே தெரியுது.”

“உடையக் கூடாதுன்னுதாம்மா கவசம்” என்றாள் மகள்.

“உடையாத விளையாட்டுக்கு எதுக்குக் கவசம்? பல்லாங்குழி ஆடறப்ப யாராச்சும் போடறாங்களா?”

“அம்மா, சைக்கிளுக்கும் ஹெல்மெட்தான் போடச் சொல்றாங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் படிவத்தின் அடியில் இருந்த சின்ன எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

கடைசியில் என் மனைவி ஆய்வகத்து முறையில் ஒரு தீர்ப்பு சொன்னாள். முதலில் நான் ஒரு மலைக்குப் போய், கவசம் போட்டுக்கொண்டு, சறுக்கிப் பார்த்துவிட்டு வர வேண்டும். முழுசாகத் திரும்பினால் கையெழுத்து. “ஒரு டிரையல் பாத்துடலாம்” என்றாள். அவள் ஆய்வகத்தில் டிரையல் பார்க்கப்படுபவை வெள்ளையாக, வாலோடு இருக்கும்.

கவசம் ஒன்றுதான் வாங்கினோம். பின்பக்கம் ஒரு சக்கரம் இருக்கிறது. தளர்த்தினால் அப்பாவுக்கு, இறுக்கினால் மகளுக்கு. இரண்டு தலைக்கு ஒரு கவசம் என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரு திருப்தி.

என்னைக் கூட்டிப்போனவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. நகரப் பேருந்து ஓட்டுகிறார். அறுபதை நெருங்குகிறார். இருபது வயதில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய அன்றுதான் பனியை முதன்முதலாகப் பார்த்தவர். இப்போது அதன்மேல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சறுக்குவார். எர்லாங்கனிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சின்ன மலை. ஆல்ப்ஸில் வைத்தால் அதை யாரும் மலை என்று கவனிக்க மாட்டார்கள். சனிக்கிழமை காலை அவர் காரில் கிளம்பினோம்.

“தம்பி, ஹெல்மெட் கொண்டு வந்தனீங்களோ?”

“பின் சீட்ல இருக்கு அண்ணை.”

“பின் சீட்டுக்கோ வாங்கினனீங்கள்?”

எனக்கு விவாதம் பண்ணுகிற உற்சாகம் வந்துவிட்டது. நிறையப் படித்தவனுக்கு வருகிற வியாதி இது. எந்த விஷயத்திலும் எதிர்க்கட்சி என்ன சொல்லும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். முன்பெல்லாம் இந்த மலைகளில் யாரும் கவசம் போட்டதில்லையே என்றேன்.

“முந்தி நானும் போடேல்லை. முந்தி எனக்கு மண்டைக்குள்ள ஒண்டும் கிடக்கேல்லை, அதால பயமும் இல்லை.”

“கவசம் போட்டா தைரியம் கூடி இன்னும் வேகமாப் போவாங்க, அதுதான் ஆபத்துன்னும் ஒரு கட்சி இருக்கே அண்ணை.”

அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். “நீங்கள் எவ்வளவு வேகமாப் போறதா யோசிச்சிருக்கிறியள்?”



இந்த இடத்தில் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஹெல்மெட் இல்லாமல் யாரும் வண்டி ஓட்டுவதில்லை. எல்லாரிடமும் இருக்கும். பெட்ரோல் டேங்கின் மேல் இருக்கும், கண்ணாடியில் தொங்கும், பெரும்பாலும் இடது முழங்கையில், வளையல்போல, இருக்கும். போலீஸ்காரர் நிற்கிற சிக்னலுக்கு ஐம்பதடி முன்னால் அது தலைக்கு ஏறும். ஐம்பதடி தாண்டியதும் முழங்கைக்கு இறங்கும். நானும் இங்கே வரும்வரை அப்படித்தான் ஓட்டினேன். அதனால் ஹெல்மெட் என்றால் என் உடம்புக்குத் தெரிந்த அர்த்தம் வேறு. அது தலைக்கான பொருள் அல்ல, போலீஸுக்கான பொருள்.

மலையடிவாரத்தில் மைனஸ் ஒன்பது. தலையில் என் மனைவி போட்டுவிட்ட மங்கி கேப். அதற்கு மேல் கவசம் ஏறவில்லை. சக்கரத்தைக் கடைசி வரை திருகியும் ஏறவில்லை. கேப்பைக் கழற்றினேன், காது இரண்டும் தலையை விட்டு விலகிப்போனதுபோல இருந்தது. மறுபடி போட்டுக்கொண்டேன். கவசம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். அது தன் இடம் தெரிந்து முழங்கைக்கு வந்திருந்தது. நான் நிற்பதோ குழந்தைகள் பழகுகிற சரிவு. பெரிய சரிவுக்குப் போகும்போது போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போலீஸ் எங்கேயோ தூரத்தில் நிற்பதாக என் மூளை கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அண்ணை எனக்கு நிற்கவும் மடங்கவும் அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்.

“ஹெல்மெட்டைப் போடுங்கோ தம்பி. நான் ஒருக்கா மேல போயிட்டு வாறன்.”

“நீங்க போயிட்டு வாங்க, போட்டுக்கறேன்.”

அவர் பெரிய சரிவுக்குப் போய்விட்டார்.

குழந்தைகள் சரிவில் மேலே ஏறுவதற்கு ஓர் ஓடும் பட்டை இருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டி வருமே, அதைப்போல. இங்கே அதற்கு மந்திரக் கம்பளம் என்று பெயர். ஏறி நின்றால் அதுவாகக் கொண்டுபோகும். எனக்கு முன்னால் நான்கைந்து வயதுப் பிள்ளைகள், தலையில் பளபளவென்று கவசங்களோடு, காளான் வரிசைபோல. எனக்குப் பின்னால் ஒரு சிறுமி அம்மாவிடம் ஜெர்மனில் சொன்னாள்: “அந்த ஆளுக்கு ஹெல்மெட் கையில் இருக்கு.” அம்மா உஷ் என்றாள்.

பாதி வழியில், பட்டைக்குப் பக்கத்தில் வலை கட்டிய ஒரு கம்பம். முழங்கையில் தொங்கிய கவசத்தின் வார் அந்த வலையில் மாட்டிக்கொண்டது. கம்பளம் என்னை மேலே கொண்டுபோனது. கவசம் அங்கேயே இருக்கலாம் என்றது. நான் இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு பின்பக்கமாகச் சாய்ந்து, பட்டையின் இரும்பு ஓரத்தில் தலையைக் கொடுத்தேன்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எனக்குத் தலைப்பாகை வழியாகத் தலைக்கு வந்தது.

வலி இல்லை. வானம் இருந்தது. அதில் ஒரு கம்பி போனது. கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ கம்பளத்தை நிறுத்தினார்கள். அண்ணையின் முகம் வந்து, “தம்பி, தம்பி, என்னைத் தெரியுதோ?” என்று கேட்டது. தெரிந்தது. தெரிகிறது என்று சொல்வதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் உடனே தெரியவில்லை.

பக்கத்து ஊர் மருத்துவமனை. தையல் போட்டார்கள், படம் எடுத்தார்கள், மூளை அதிர்ந்திருக்கிறது, ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். ஒரு செவிலியர் படிவத்தோடு வந்து கேள்விகள் கேட்டார். பெயர், பிறந்த நாள், ஒவ்வாமை. அப்புறம், “ஹெல்மெட் போட்டிருந்தீர்களா?”

நான் தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்பதுதான் விஷயம். நமக்கென்று ஓர் ஆட்டல் இருக்கிறது. வலமும் இல்லை இடமும் இல்லை, மேலும் இல்லை கீழும் இல்லை. ஆமாம், இல்லை, பார்க்கலாம், உங்களுக்கு எது வசதியோ அது, எல்லாம் அதில் அடக்கம். இந்த நாட்டில் பதினாறு வருடமாக அதை அடக்கி வைத்திருந்தேன். அன்று அதிர்ந்த மூளையிலிருந்து அதுதான் முதலில் வெளியே வந்தது.

“ஆமா, இல்லையா?” என்றார் செவிலியர்.

மறுபடியும் ஆட்டினேன்.

அவர் சுற்றிப் பார்த்தார். கட்டில் பக்கத்து நாற்காலியில், என் மேல்கோட்டின் மேல், கவசம் கௌரவமாக உட்கார்ந்திருந்தது. ‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

ஒரு மணி நேரம் கழித்து மனைவி வீடியோவில் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. எத்தனை தையல், வாந்தி வந்ததா என்றெல்லாம் கேட்டுவிட்டு, “ஹெல்மெட் போட்டிருந்தீங்கல்ல?” என்றாள்.

“ம்” என்றேன்.

அதுவும் நம் மொழியில் ஓர் எழுத்துதான். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ‘ம்’மைத் திருத்துவதற்கு மறுநாள் காலை வரை எனக்கு நேரம் இருந்தது, நான் திருத்தவில்லை. இல்லை என்று சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன். பார்ப்பதற்குச் சிரமமாக இருக்கும் என்று தோன்றியது. அந்த அளவுக்குத்தான் தோன்றியது.

ஞாயிறு காலை அண்ணையே வந்து என்னை வீட்டில் இறக்கிவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவி மருத்துவமனைக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். ‘தலைக்கவசம்: ஆம்.’ பிறகு கவசத்தை எடுத்து மேஜைமேல் வைத்துப் பார்த்தாள்.

“இவ்வளவு அடி பட்டிருக்கு. இதுல ஒரு கோடுகூட இல்லையே.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூளை அதிர்ந்தவனுக்கு அந்தச் சலுகை உண்டு.

“டிஃபெக்டிவ் பீஸா இருக்கும். நாளைக்கு லேபுக்கு எடுத்துட்டுப் போறேன். எங்க புரொஃபசர் ஐம்பது வருஷமா ஸ்கீ ஓட்டறவர். அவர்கிட்ட காட்டிக் கேக்கறேன்.”

சொல்லிவிட்டு, முந்தின நாள் தூங்காத களைப்பில் போய்ப் படுத்துவிட்டாள். மகள் அவள் அறையில் இருந்தாள். நான் எழுந்து, கவசத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, வெங்காயம் எடுக்கப் போகிறவன்போல நிலவறைக்கு இறங்கினேன். அங்கே நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று. தேய்த்துக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. தரைத்தளத்து அம்மையார், எழுபது தாண்டியவர், கம்பளிச் செருப்போடு நின்றார். நிலவறை அவர் படுக்கையறைக்கு நேர் கீழே. என்னைப் பார்த்தார். என் தலைக்கட்டைப் பார்த்தார். கையில் இருந்த கவசத்தைப் பார்த்தார்.

“இன்று ஞாயிற்றுக்கிழமை” என்றார்.

“மன்னியுங்கள்” என்றேன். ஞாயிறன்று இங்கே சத்தம் எழுப்பக் கூடாது.

கதவை மூடிக்கொண்டு போய்விட்டார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. இந்த ஊரில் ஒருவன் என்ன செய்கிறான் என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை. எந்தக் கிழமை செய்கிறான் என்றுதான் பார்ப்பார்கள்.

மனைவி எழுந்து காப்பி போட்டபோது, “ஹெல்மெட்டோட பின்பக்கம் பாத்தியா?” என்றேன்.

அவள் திருப்பிப் பார்த்தாள். கீறல் நன்றாக வந்திருந்தது. கறுப்பு பெயின்ட் போய், உள்ளங்கை அகலத்துக்கு, சாம்பல் நிறத்தில் வரிவரியாக. ஊரில் வண்டியிலிருந்து விழுந்து பிழைத்தவர்கள் வீட்டு வராந்தாவில் இப்படிப்பட்ட ஹெல்மெட்டுகளை நாங்கள் இருவருமே பார்த்திருக்கிறோம். அவள் விரலால் அதைத் தொட்டாள். மெதுவாக, காயத்தைத் தொடுவதுபோல.

“இது மட்டும் இல்லைன்னா...” என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எனக்காக அழுகிறாள் என்று தெரிந்தது, பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிறது என்று தெரிவதுபோல.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நல்ல ஹெல்மெட்தான். போட்டும் நாலு தையல், ஒரு கன்கஷன். அதுவும் குழந்தைங்க சரிவுல. அவ போக வேண்டாம்.”

எழுந்துபோய்ப் படிவத்தைக் காந்தத்திலிருந்து எடுத்து, கையெழுத்துப் போடாமலே, அலமாரிக்குள் வைத்தாள்.

திங்களும் செவ்வாயும் நான் படுத்திருந்தேன். திரை பார்க்கக் கூடாது, படிக்கக் கூடாது. புத்தகம் இல்லாமல் இரண்டு நாள் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தவன். பிடிக்கவில்லை. கூரையைப் பார்த்தேன். படித்ததெல்லாம் எங்கேயோ இருந்தது; அழைத்தால் வரக்கூடிய தூரத்தில் இல்லை. மனச்சாட்சி என்று ஒன்று நிறையப் புத்தகங்களில் வரும். இரண்டு நாளும் அதற்காகக் காத்திருந்தேன்.

செவ்வாய் மாலை மகள் அறைக்குள் வந்தாள். கையில் கவசம். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதன் சக்கரத்தைத் திருகினாள். டிக், டிக், டிக் என்றது.

“நாளைக்குத்தான் கடைசி நாள்.”

“ம்.”

“எனக்கு உங்க மேல கோவம் இல்லப்பா. நீங்க பத்திரமா வந்துட்டீங்க.” இன்னும் இரண்டு டிக். “ஆனா நீங்க ஹெல்மெட் போடாம விழுந்திருந்தா, நான் போயிருக்கலாம். அம்மா உங்களைத் திட்டிட்டு என்னை அனுப்பியிருப்பாங்க. நீங்க ஒழுங்கா போட்டதாலதான் நான் போக முடியல.”

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்கில் விடை வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கவசத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏதோ ஒன்று குத்தியது. பெரிதாக இல்லை. மரத்துப்போன காலில் முதலில் ஒரு விரல் மட்டும் சுருக்கென்னுமே, அந்த மாதிரி. துடுப்பு என்ற வார்த்தை ஞாபகம் வந்தது.

எழுந்து சமையலறைக்குப் போனேன். மனைவி சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஹெல்மெட் போடல” என்றேன்.

மனைவி திரும்பவில்லை. “இப்ப எதுக்கு ஹெல்மெட்? போய்ப் படுங்க.”

“சனிக்கிழமை. விழுந்தப்ப. தலையில போடல. கையில மாட்டியிருந்தேன்.”

பூரிக்கட்டை நின்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்த முகம் இல்லை. அது இளகியது.

“பொண்ணுக்காகப் பொய் சொல்றீங்க” என்றாள்.

“இல்ல. நிஜமாவே...”

“இருபது வருஷத்துல நீங்க யாருக்காகவும் இப்படிப் பண்ணிப் பாத்ததில்ல. நல்லாதான் இருக்கு. ஆனா வேணாம். ஹாஸ்பிடல் லெட்டர்ல இருக்கு. ஹெல்மெட்ல அடி இருக்கு. நான் என் கண்ணால பாத்தேன்.”

“அந்தக் கீறல் நான் போட்டது. கீழ, பேஸ்மெண்ட்ல, சுவத்துல தேச்சேன்.”

“நாலு தையலோட? எதுக்கு?”

நியாயமான கேள்வி. பதில் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்தது. ஒரு மனிதன் அப்படிச் செய்வான் என்பதைவிட, ஒரு தகப்பன் மகளுக்காக அப்படிக் கதை கட்டுவான் என்பது எவ்வளவோ இயல்பாக இருந்தது.

“ப்ரூஃப் இருக்கா?” என்றாள் கடைசியில், ஆய்வகத்துக் குரலில்.

அண்ணைக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அண்ணை, சனிக்கிழமை நான் ஹெல்மெட் போட்டிருக்கலைன்னு கொஞ்சம் சொல்லுங்க.”

“ஆருக்குச் சொல்ல?”

“என் வீட்டம்மாவுக்கு. இங்கதான் இருக்கா.”

அண்ணை யோசித்தார். “தங்கச்சி, நான் மேல நிண்டனான். விழேக்க பாக்கேல்லை. நான் வரேக்க ஹெல்மெட் தம்பியின்ர கையில கிடந்தது. விழுந்த பிறகு ஆரும் கழட்டினவையோ, முதலே போடேல்லையோ, எனக்குத் தெரியாது. பாக்காததை என்னெண்டு சொல்லுறது?”

“நன்றி அண்ணா” என்றாள் என் மனைவி.

“தம்பிக்கு இன்னும் மண்டை சரியாகேல்லைப் போல. ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கோ.”

மகள் தட்டுகளை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு மாடி இறங்கி, தரைத்தளத்து மணியை அடித்தேன்.

அம்மையார் கதவைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை நிலவறையில் என்னைப் பார்த்ததை மேலே வந்து என் மனைவியிடம் சொல்ல முடியுமா என்று கேட்டேன். என்னை ஒருமுறை பார்த்தார். ஏன் என்று இப்போதும் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியையும் ஒரு சின்னக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்.

எங்கள் சமையலறையில் நின்று, கண்ணாடியை மாட்டி, குறிப்பேட்டைப் புரட்டினார். அவருடைய ஜெர்மன் பாடப்புத்தக ஜெர்மன். தமிழிலும் அப்படித்தான் வரும்.

“ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் இரண்டு இருபது முதல் இரண்டு இருபத்தேழு வரை. நிலவறை. தேய்க்கும் சத்தம். இரண்டு இருபத்தைந்துக்கு நான் நேரில் சென்று பார்த்தேன். உங்கள் கணவர் ஒரு தலைக்கவசத்தைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தார்.” குறிப்பேட்டை மூடினார். “இரண்டாம் முறை நடந்தால் கட்டட நிர்வாகத்துக்கு எழுதலாம் என்று இருந்தேன். நடக்கவில்லை. அதற்கு நன்றி.”

கல்லில் சப்பாத்தி கருகியது. மகள்தான் அடுப்பை அணைத்தாள்.

அம்மையார் போன பிறகு என் மனைவி அலமாரியைத் திறந்து படிவத்தை எடுத்தாள். மாவுக் கையோடு கையெழுத்துப் போட்டாள். மகளிடம் கொடுத்தாள். மகள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, துள்ளவோ கத்தவோ செய்யாமல், சூடான பாத்திரத்தைக் கொண்டுபோவதுபோலத் தன் அறைக்குக் கொண்டுபோனாள்.

“போட்டிருந்தீங்களான்னு கேட்டேன்ல” என்றாள் என் மனைவி, என்னைப் பார்க்காமல். “அதுக்கு ‘ம்’னீங்க.”

“ம்” என்றேன்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய பத்து நாள் என்னோடு அவள் தேவைக்கு மட்டும் பேசினாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று எழுதுவதுதான் வழக்கம். அதுகூட எனக்குத் தோன்றவில்லை. மெல்ல மெல்லத்தான் காப்பி காப்பியாக ஆனது. முதலில் கசப்பு வந்தது. சர்க்கரை ஒரு வாரம் கழித்து. அவள் விரலால் அந்தக் கீறலைத் தொட்டது மட்டும் எனக்கு வந்து சேர மார்ச் மாதம் ஆகிவிட்டது. அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது, வந்தது. பின்னால் நின்றவர் மணியடித்தார். அன்றைக்கு என் தலையில் ஒரு சைக்கிள் கவசம் இருந்தது. மனைவி வாங்கிவந்து, வாசலில் என் ஷூவின் மேல் வைத்திருந்தாள்.

மகள் அந்தக் கீறல் விழுந்த கவசத்தோடுதான் முகாமுக்குப் போனாள். புதிது வாங்கலாம் என்று நான் சொன்னதற்கு, “எதுக்கு? அதுதான் விழவே இல்லையே” என்றாள் என் மனைவி. கிளம்பும் நாள் பார்த்துப் பார்த்துப் பெட்டி கட்டினாள். மங்கி கேப் மட்டும் வைக்கவில்லை.

ஐந்து நாளும் எனக்கு மொபைல்தான் கையில். பின்னாலிருந்து எடுத்த ஒரே ஒரு படம் வந்தது. ஒரே உயரத்தில் பதினெட்டுக் கவசங்கள். எது அவள் என்று தெரியவில்லை. பெரிதாக்கித் தேடியபோதுதான், ஓரத்தில் சாம்பல் கீறலோடு ஒன்றைக் கண்டுபிடித்தேன். என் கைவேலைக்கு ஒரு பயன் இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை வந்து இறங்கினாள். மூக்கு உரிந்திருந்தது. சாப்பிட உட்கார்ந்ததும் ஏதோ ஒரு வார்த்தை சொல்லி அவளாகவே சிரித்தாள். பூசணிக்காய் சூப் என்று நினைக்கிறேன்.

“அதுல என்ன சிரிப்பு?” என்றாள் அம்மா.

“சொன்னா புரியாதும்மா. நீங்க அங்க இருந்திருக்கணும்.”

இரண்டாவது சப்பாத்தியைப் பிய்த்தபடி என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, முதல் நாள் ஸ்போர்ட்ஸ் சார் எல்லார் ஹெல்மெட்டையும் செக் பண்ணார். என்னோடதைப் பாத்துட்டு இது என்னன்னு கேட்டார். அப்பா பனியில விழுந்ததுன்னு சொன்னேன். நீங்க தேச்சதைச் சொல்லிக் காட்டிக்கொடுக்க வேணாம்னு பாத்தேன்.”

“சரி.”

“பனியில விழுந்தா ஹெல்மெட்ல இப்படிக் கீறவே கீறாதாம்பா. பனி மெத்துன்னு இருக்கும்ல. அவர் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ‘உங்க அப்பா எந்தத் தார் ரோட்டுல ஸ்கீ ஓட்டினாரு?’ன்னு கேட்டார்.”